கரியமில வாயுவைப் பிடிக்கவும் விடவும் தெரிந்த பொருள்

பெங்களூரு சிவாஜிநகரிலோ அல்சூரிலோ ஒரு வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு டப்பாவைக் கவனித்துப் பாருங்கள். சுண்ணாம்பின் மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி கடைக்காரர் பார்த்துக்கொள்வார். தண்ணீர் வற்றி, டப்பாவும் திறந்தே கிடந்தால் மேலே வெள்ளை ஏடு கட்டும். அந்த ஏட்டில் காரம் இருக்காது. நாக்கில் மண் போலப் படும். காற்றிலிருந்த கரியமில வாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டது.

வெள்ளையடித்த சுவரிலும் இதுவே நடக்கிறது. கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் இட்டுச் சுடுவார்கள். சுடும்போது கிளிஞ்சலுக்குள் பூட்டிக் கிடந்த கரியமில வாயு வெளியேறும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைச் சுவரில் பூசினால், காளவாயில் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு இறுகும். 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு 44 கிராம் வாயுவைப் பிடிக்கும். எடையில் பாதிக்கு மேல்! விலையோ மிகக் குறைவு. காற்றைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல பொருள் வேண்டுமா என்று தோன்றும்.

சிக்கல் காளவாயில் இருக்கிறது. பிடித்த வாயுவைத் தனியே எடுத்துப் பூமிக்கடியில் செலுத்தவோ வேறு பொருளாக மாற்றவோ வேண்டும் என்றால், சுண்ணாம்பை மறுபடி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். ஒரு மோல் வாயுவை விடுவிக்க 178 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் 4 கிகாஜூல். அந்த வெப்பத்தை நிலக்கரியிலிருந்து எடுத்தால், துளி வெப்பம்கூட வீணாகவில்லை என்றாலும் 380 கிலோ அளவுக்குப் புதிதாகக் கரியமில வாயு வெளியேறும். உண்மையான காளவாயில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஒரு டன்னைப் பிடித்து அரை டன்னை ஊரில் விடுவது போல.

ஆகவே கரியமில வாயு உறிஞ்சுபொருளை வடிவமைப்பவர்களின் முதல் கேள்வி "எவ்வளவு பிடிக்கும்?" என்பதாக இருக்கக் கூடாது. "பிடித்ததை எவ்வளவு குறைந்த செலவில் விடும், அப்படி எத்தனை ஆயிரம் தடவை செய்யும்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியின் பின்னால்தான் போகிறது.

எந்தக் காற்றிலிருந்து?

நிலக்கரி மின்நிலையப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம். எரிவாயு டர்பைன் புகையில் 3 முதல் 5 சதவீதம். வெளிக்காற்றில் 420 பிபிஎம்முக்குச் சற்று மேல், அதாவது 0.042 சதவீதம்தான். தொழிற்புரட்சிக்கு முன் அது 280 பிபிஎம் அளவில் இருந்தது.

பெங்களூரில் இன்னொரு கணக்கும் சேரும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் 0.91 பார்தான். தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் சென்னையில் இருப்பதைவிட 10 சதவீதம் குறைவாக மூலக்கூறுகள் இருக்கும். 25 டிகிரியில் இங்கே ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் கரியமில வாயு ஏறக்குறைய 0.68 கிராம். ஒரு டன் சேர்க்க வேண்டுமானால், காற்றிலிருப்பதில் 70 சதவீதத்தைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டாலும், 21 லட்சம் கன மீட்டர் காற்று உறிஞ்சுபொருளைக் கடந்து போக வேண்டும். மற்ற ஊர்களில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையின் எண்ணை இங்கே ஆய்வகத்தில் எடுக்க முயன்று, ஏன் குறைகிறது என்று குழம்பும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தமானி.

பிடியின் வலு

ஒரு பொருள் வாயுவைப் பிடிக்கும்போது வெப்பம் வெளிவரும். விடுவிக்க அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வெப்பத்தின் அளவே பிடியின் வலு. கிளர்வூட்டிய கரியில் அது மோலுக்கு 25 கிலோஜூல் அளவு; வாயு மேற்பரப்பில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். 13 எக்ஸ் என்ற சியோலைட்டில், அதாவது நுண்துளைகள் நிறைந்த ஒரு அலுமினியம்-சிலிக்கான் கனிமத்தில், 40 அளவு. அமீன், அதாவது அம்மோனியாவுக்கு உறவான நைட்ரஜன் சேர்மம், பூசிய சிலிக்காவில் 70 முதல் 90 வரை; இங்கே வேதிப் பிணைப்பே உண்டாகிறது. சுட்ட சுண்ணாம்பில் 178.

வலு குறைந்த பிடியே நல்லது, செலவு குறையும் என்று நினைப்பது இயல்பு. இதில்தான் தொடக்கநிலையில் இருப்பவர்கள் பலரும் சறுக்குகிறார்கள்.

வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருளை மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குகிறோம் என்று கொள்வோம். சூடேற ஏற, பிடிபட்ட வாயு வெளியே தள்ளும் அழுத்தம் கூடும். எவ்வளவு கூடும் என்பதைப் பிடியின் வலுவே தீர்மானிக்கிறது. 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால், 40 கிலோஜூல் பிடியுள்ள பொருளில் அந்த அழுத்தம் 25 மடங்கு கூடும். 70 கிலோஜூல் என்றால் 290 மடங்கு. 90 என்றால் ஏறக்குறைய 1500 மடங்கு.

வெளிக்காற்றில் கரியமில வாயுவின் பங்கழுத்தம், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் அதன் பங்கு, 0.0004 பார். அங்கே நிரம்பிய ஒரு பொருளை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் முதல் பொருள் 0.01 பார் வரைதான் தள்ளும். இரண்டாவது 0.12 பார், மூன்றாவது 0.6 பார். தூய வாயுவாக வெளியே எடுக்க ஒரு பார் அளவு தேவை. ஆகவே வெளிக்காற்றுக்கு வலுவான பிடியே வேண்டும். அப்போதும் வெற்றிடப் பம்பு வைத்து இழுக்க வேண்டும், அல்லது நீராவியை ஊதிக் கழுவ வேண்டும். வெளிக்காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா நிலையமும் 2024இல் தொடங்கிய மம்மத் நிலையமும் அமீன் சார்ந்த வடிகட்டிகளைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கும்போது வெற்றிடத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

மின்நிலையப் புகையில் கதை வேறு. பங்கழுத்தம் 0.13 பார். 40 டிகிரியில் நிரப்பி 100 டிகிரிக்குச் சூடாக்கினால், 40 கிலோஜூல் பிடியே 12 மடங்கு, அதாவது 1.5 பார் தள்ளிவிடும். அங்கே 90 கிலோஜூல் பிடியைப் பயன்படுத்துவது கொசுவை அடிக்கக் கோடாலி எடுப்பதற்குச் சமம். எந்த வாயுவுக்கு என்று சொல்லாமல் "சிறந்த உறிஞ்சுபொருள்" என்று ஒன்றைச் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

அமீன் கரைசல்

கரியமில வாயுவைப் பிடிக்க அமீனைப் பயன்படுத்தும் முறைக்கு 1930இலேயே அமெரிக்காவில் ஆர். ஆர். பாட்டம்ஸ் காப்புரிமை பெற்றார். இன்றும் எல்லாப் புதிய பொருளையும் அதனோடுதான் ஒப்பிடுகிறார்கள். மோனோஎத்தனாலமீன் 30 சதவீதம், தண்ணீர் 70 சதவீதம். 40 முதல் 60 டிகிரியில் ஒரு கோபுரத்தில் மேலிருந்து கரைசல் வழிய, கீழிருந்து புகை ஏறும். வாயுவைப் பிடித்த கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்து வரும்.

வேதியியல் எளிது. அமீனின் நைட்ரஜனில் ஓர் இணை எலெக்ட்ரான் சும்மா இருக்கிறது. கரியமில வாயுவின் நடுக் கார்பன் எலெக்ட்ரானுக்கு ஏங்குவது. இரண்டும் சேர்ந்து கார்பமேட் ஆகும். அப்போது ஒரு புரோட்டான் கழன்று வரும். அதை வாங்கிக்கொள்ள இன்னொரு அமீன் தேவை. ஆக ஒரு வாயு மூலக்கூறுக்கு இரண்டு அமீன். நைட்ரஜனுக்குப் பக்கத்தில் பருமனான தொகுதி ஒன்றை வைத்தால் கார்பமேட் நிலைக்காது. வாயு தண்ணீரோடு சேர்ந்து பைகார்பனேட் ஆகும். அப்போது ஒன்றுக்கு ஓர் அமீனே போதும், விடுவிக்கும் வெப்பமும் குறையும். பதிலுக்கு வேகம் குறையும். வேகத்துக்கு ஓர் அமீன், கொள்ளளவுக்கு இன்னொன்று என்று இரண்டைக் கலப்பது அதனால்தான்.

இனி அந்த 30 சதவீதக் கரைசலின் வெப்பச் செலவு எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ கரைசலில் 4.9 மோல் அமீன் இருக்கிறது. ஒரு சுற்றில் ஓர் அமீனுக்கு 0.3 மோல் வாயு ஏறி இறங்கும். அதாவது கிலோவுக்கு 65 கிராம். ஒரு கிலோ வாயுவுக்காக 15 கிலோவுக்கு மேல் கரைசலைச் சுற்ற வேண்டும். அதில் 10 கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீர். பிணைப்பை உடைக்க டன்னுக்கு 1.9 கிகாஜூல், வெப்பமாற்றியில் மீட்க முடியாமல் போவது 0.5 முதல் 0.6, வாயுவோடு சேர்ந்து ஆவியாகும் தண்ணீருக்கு ஒன்றை ஒட்டி. மொத்தம் மூன்றரையிலிருந்து நாலு கிகாஜூல். நிலக்கரி மின்நிலையத்தில் இதைப் பொருத்தினால் விற்க வேண்டிய மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு அளவு இதற்கே போய்விடும்.

கரைசலை இன்னும் அடர்த்தியாக்கித் தண்ணீரைக் குறைக்கலாமே என்றால் இரும்புக் குழாய் அரிக்கும். அரித்து வரும் இரும்பு, புகையில் எஞ்சிய ஆக்சிஜனோடு சேர்ந்து அமீனைச் சிதைக்கும். அம்மோனியா வாடை வரும். புகையில் கந்தக டை ஆக்சைடு இருந்தால் அது அமீனோடு சேர்ந்து வெப்பத்துக்கு அசையாத உப்பாகிவிடும். அந்த அமீன் போனது போனதுதான். நிலக்கரிப் புகையில் பல நூறு பிபிஎம் இருக்கும் கந்தக டை ஆக்சைடை 10 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவராமல் கரைசலைத் தொடவே கூடாது.

இத்தனை குறையோடும் வேலை நடக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவுக்கு வடிவமைத்த நிலையம் 2016இல் தொடங்கியது. அங்கே பிடித்த வாயு சோடா சாம்பலாகிறது. அமைத்தது கார்பன் கிளீன் என்ற நிறுவனம். ஐஐடி கரக்பூரில் படித்த இருவர் தொடங்கியது.

தண்ணீர் என்ற போட்டியாளர்

கரைசலில் சுமக்கும் தண்ணீரே செலவு என்றால் தண்ணீர் இல்லாத திண்மத்துக்குப் போகலாம். ஆனால் தண்ணீர் காற்றிலேயே இருக்கிறது. 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு பெங்களூரு நாளில், காற்றில் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு 50 நீர் மூலக்கூறுகள் இருக்கும். 32 டிகிரியும் 75 சதவீத ஈரமும் உள்ள சென்னைக் காற்றில் 80க்கு மேல்.

சியோலைட் 13 எக்ஸ் உலர்ந்த தூய வாயுவில் ஒரு பார் அழுத்தத்தில் கிராமுக்கு நாலரை முதல் ஐந்து மில்லிமோல் பிடிக்கும். ஒரு மில்லிமோல் என்பது 44 மில்லிகிராம். ஆகவே கிராமுக்கு ஒரு மில்லிமோல் என்றால் எடை 4.4 சதவீதம் கூடும். இந்த மாற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஆய்வகத்தில் தினமும் தேவைப்படும். அதே 13 எக்ஸை ஈரக் காற்றில் வைத்தால் உள்ளே உள்ள சோடியம் அயனிகள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கரியமில வாயுவைக் கிட்டச் சேர்க்காது. அந்தத் தண்ணீரை விரட்ட 300 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

2021 கொரோனா அலையில் மருத்துவமனைகளில் நிறுவிய ஆக்சிஜன் நிலையங்களை நினைவிருக்கலாம். தேஜஸ் விமானத்தின் விமானிக்கு ஆக்சிஜன் தரப் பெங்களூரில் உள்ள, டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் டெபெல் ஆய்வகம் உருவாக்கிய நுட்பம் அப்போது மருத்துவமனைக்கு வந்தது. அதிலும் சியோலைட்தான், பிடிப்பது நைட்ரஜனை. அப்படிப்பட்ட நிலையங்களில் காற்று உலர்த்தி பழுதாகி ஈரம் உள்ளே போனால் ஆக்சிஜன் தூய்மை சரியும், சியோலைட்டையே மாற்ற வேண்டி வரும். கரியமில வாயுவுக்கும் அதே நியாயம்தான்.

இதற்கு ஒரு விடை உலோக-கரிமச் சட்டகங்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் எம்ஓஎஃப். உலோக அயனிகளைக் கணுக்களாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டிய, துளைகள் நிறைந்த படிகம். இதற்காக சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025இன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மெக்னீசியம் வைத்துக் கட்டிய எம்ஓஎஃப்-74 அறை வெப்பத்தில் ஒரு பாரில் கிராமுக்கு 8 மில்லிமோல் அளவு பிடிக்கும், காகிதத்தில் அற்புதம். ஈரத்தில் வைத்தால் திறந்து கிடக்கும் மெக்னீசியத்தில் தண்ணீர் உட்கார்ந்து எல்லாம் போய்விடும். கால்ஃப்-20 என்பது துத்தநாகம், டிரையசோல், ஆக்சலேட் வைத்துக் கட்டியது. பிடிப்பது அதில் பாதி அளவுதான். ஆனால் 40 சதவீத ஈரப்பதம் வரை தண்ணீரைவிடக் கரியமில வாயுவையே விரும்பும். அதன் துளை கரியமில வாயு பொருந்தும் அளவில் இருக்கிறது. தண்ணீரைக் கவ்வும் திறந்த உலோக முனை அதில் இல்லை. ஆலைக்குப் போனது பாதி பிடிக்கும் இந்தப் பொருள்தான். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் மும்பை ஐஐடியிலும் கரியமில வாயுவைப் பிடிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தேசிய ஆய்வு மையங்களை அமைத்திருக்கிறது. இந்தத் துறையில் சேர விரும்பும் மாணவர்கள் அந்த வாசலைத் தட்டலாம்.

ஒரு திண்மத்தைச் செய்து பார்த்தல்

அமீனைத் திண்மத்தில் ஏற்றும் முறை ஆய்வகத்தில் ஒரு நாளில் செய்யக்கூடியது. பாலிஎத்திலீன் இமீன், சுருக்கமாக பிஇஐ, தேன் போலக் குழகுழவென்று இருக்கும் அமீன் பாலிமர். மூலக்கூறு எடை 800 உள்ள கிளைத்த வகையை வாங்குங்கள். தாங்கிக்கு, அதாவது அமீனைச் சுமக்கும் திண்மத்துக்கு, துளைக் கொள்ளளவு கிராமுக்கு குறைந்தது ஒரு மில்லிலிட்டரும் துளை விட்டம் 10 நானோமீட்டருக்கு மேலும் உள்ள சிலிக்கா. சின்னத் துளையுள்ள சாதாரண சிலிக்கா ஜெல் வேலைக்கு ஆகாது.

சிலிக்கா 10 கிராமை 110 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். பிஇஐ 6.7 கிராமை 100 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்து, சிலிக்காவைச் சேர்த்துச் சில மணி நேரம் கலக்குங்கள். மெத்தனால் நஞ்சு, புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் எல்லாம். பிறகு சுழல் ஆவியாக்கியில் 40 முதல் 50 டிகிரியில் மெத்தனாலை எடுத்து, வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்துங்கள். கிடைப்பது 40 சதவீத பிஇஐ உள்ள தூள். கையில் எடுத்தால் மணல் போல உதிர வேண்டும். ஈரமாக ஒட்டினால் பிஇஐ துளைக்குள் போகாமல் வெளியே படிந்திருக்கிறது என்று பொருள்.

6.7 கிராம்தான் ஏன்? பிஇஐயின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம். 10 கிராம் சிலிக்காவின் துளைகள் 10 மில்லிலிட்டர். பிஇஐ அதில் 6.4 மில்லிலிட்டரை நிரப்பும். மிச்சம் வாயு நடமாட வழி. துளையை முழுக்க நிரப்பினால் அமீன் அதிகம், பிடிப்பது குறைவு என்ற விநோதம் நடக்கும். அப்படி நிரம்பிய பொருளை 75 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடிப்பது கூடும்! வெப்பம் ஏறினால் பிடி தளர வேண்டுமே? தளரத்தான் செய்கிறது. ஆனால் பிஇஐ இளகி வாயுவை உள்ளே விடுவதால் கிடைக்கும் ஆதாயம் அதைவிடப் பெரிது. அந்த எண்ணைப் பார்த்துப் பொருள் 75 டிகிரியில் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 25 டிகிரியில் அது நிரம்பவே இல்லை, நேரம் போதவில்லை என்பதே உண்மை.

பிஇஐயில் கிராமுக்கு 23 மில்லிமோல் நைட்ரஜன். நம் தூளில் 9.3. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்சம் 4.6 மில்லிமோல். வெளிக்காற்றின் அளவில் 1 முதல் 2 வந்தால் நன்று.

அளக்க எடை மாற்றப் பகுப்பாய்வி வேண்டும். தூளைப் புட்டியில் வைத்திருக்கும்போதே அது காற்றிலிருந்து ஈரத்தையும் வாயுவையும் எடுத்திருக்கும். ஆகவே முதலில் நைட்ரஜன் ஓட்டத்தில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடை அசையாமல் நின்ற பிறகே தொடங்க வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் முதல் சுற்றில் குறைவாகவும் இரண்டாம் சுற்றில் அதிகமாகவும் காட்டும். ஈர வாயுவில் இந்தக் கருவியை நம்பக் கூடாது. எடை கூடியது தண்ணீராலா வாயுவாலா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பொருளைக் குழாயில் அடைத்த படுகையும், வெளியேறும் வாயுவை அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் உணரியும் தேவை.

படுகையில் ஒரு வெப்ப உணரியையும் செருகுங்கள். கிராமுக்கு ஒரு மில்லிமோல் பிடித்தால் 70 ஜூல் வெப்பம் வரும். அது வெளியேற வழியில்லை என்றால் படுகை 50 டிகிரிக்கு மேல் தானாகச் சூடேறும். சூடேறினால் பிடி தளரும். புகையில் நன்றாக வேலை செய்யும் என்று நினைத்த பொருள் பெரிய படுகையில் பாதிகூடப் பிடிக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம். வெளிக்காற்றில் இந்தத் தொல்லை இல்லை, அவ்வளவு காற்று ஓடுவதால் வெப்பத்தை அதுவே கொண்டுபோய்விடும்.

அமீன் திண்மம் சாவதற்கு இரண்டு வழிகள். சூடாக இருக்கும்போது காற்று பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். இரும்பு, செம்பு துளியளவு இருந்தாலும் இது விரைவுபடும். அதனால் சூடாக்கும் முன் படுகையிலிருந்து காற்றை வெளியேற்றுவதும், 60 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே மீண்டும் காற்றை விடுவதும் கட்டாயம். மற்றொரு வழி, உலர்ந்த தூய கரியமில வாயுவில் அதிகம் சூடாக்கினால் இரண்டு அமீன்கள் சேர்ந்து யூரியாவாக இறுகிவிடுவது. கொஞ்சம் நீராவி இருந்தால் இது தடைபடும். போட்டியாளர் என்று திட்டிய தண்ணீர் இங்கே காவல் நிற்கிறது.

ஒரு டன்னுக்கு என்ன ஆகும்

ஒரு சுற்றில் உண்மையில் ஏறி இறங்கும் அளவுக்குச் செயல் கொள்ளளவு என்று பெயர். அது கிராமுக்கு ஒரு மில்லிமோல் என்றால் கிலோவுக்கு 44 கிராம். ஒரு கிலோ வாயுவுக்கு 23 கிலோ பொருளை 60 டிகிரி ஏற்ற வேண்டும். பொருளின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஒரு கிலோஜூல் என்று வைத்தால் டன்னுக்கு 1.4 கிகாஜூல். பிணைப்பை உடைக்க 1.6. ஒரு வாயு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் கூடவே ஏறியிருந்தால் அவற்றை ஆவியாக்க மேலும் 2. மூன்றிலும் பெரியது தண்ணீர்தான். செயல் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் முதல் எண் மட்டுமே பாதியாகும். நீர் ஏறுவதைப் பாதியாக்கினால் அதைவிட அதிகம் மிச்சம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொள்ளளவைத் தலைப்பில் போடுவதும் நீரை அடிக்குறிப்பில் தள்ளுவதும் வருத்தமான வழக்கம்.

பொருளின் விலையையும் ஆயுளோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1000 சுற்றில் செத்தால் 44 கிலோ வாயு பிடித்திருக்கும். டன்னுக்குப் பொருள் செலவு மட்டும் சுமார் 23,000 ரூபாய். 10,000 சுற்று தாங்கினால் 2,300 ரூபாய். 20 சுற்று ஓட்டிவிட்டு "நிலையானது" என்று எழுதுவதில் பொருளே இல்லை.

காற்றோட்டம் பற்றி ஒரு வார்த்தை. அந்த 21 லட்சம் கன மீட்டர் காற்றை 100 பாஸ்கல் எதிர்ப்புக்கு எதிராகத் தள்ள, மின்விசிறி 60 சதவீதத் திறனில் ஓடினால், 100 யூனிட் அளவு மின்சாரம். சிறு உருண்டைகளை உயரமான குழாயில் அடைத்து 1000 பாஸ்கல் எதிர்ப்பு வந்தால் 1000 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்ற அளவில், பிடித்த டன்னில் 700 கிலோ விசிறியிலேயே போய்விட்டது. தேனடை போன்ற நேர் வழிகள் உள்ள கட்டிகளில் பொருளைப் பூசுவது இதற்காகத்தான்.

மேசை மேல் ஒரு சோதனை

இதையெல்லாம் வீட்டில் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, இறுக்கமான மூடி, கணினிக்குப் போடும் சின்ன 5 வோல்ட் விசிறி, பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் கரியமில வாயு உணரி ஒன்று. உணரி அகச்சிவப்பு வகையாக, அதாவது என்டிஐஆராக இருக்க வேண்டும். எம்க்யூ-135 போன்ற மலிவு வகைகள் மற்ற வாயுக்களைப் பார்த்து ஊகிப்பவை. இந்த வேலைக்கு உதவாது. உணரியில் தானியங்கி அளவுத்திருத்தம் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தான் பார்த்த மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று அது நினைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் 400க்குக் கீழே போகும் நமக்கு எல்லா எண்ணும் பிசகும்.

ஒரு முறை மூச்சை நன்றாக உள்ளே ஊதி மூடினால் ஏறக்குறைய 2000 பிபிஎம் ஏறும். முதலில் காலிப் பெட்டியோடு அரை மணி நேரம் பாருங்கள். 50 பிபிஎம்முக்கு மேல் இறங்கினால் ஒழுகல். ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பிறகு மூன்று தட்டுகள், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஊதி. மூன்றிலும் 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்புத் தூள், மெல்லப் பரப்பியது. ஒன்று உலர்ந்தது. ஒன்று ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் தெளித்துப் பிசறியது. மூன்றாவது, மேலே அரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்து வரைபடமாக்குங்கள்.

10 கிராம் சுண்ணாம்பு முழுக்க வேலை செய்தால் 5.9 கிராம் பிடிக்கும். ஊதிய பெட்டியில் இருப்பதோ 0.08 கிராமுக்கும் குறைவு. ஆகவே நீங்கள் பார்ப்பது கொள்ளளவை அல்ல, வேகத்தை. பிசறிய தட்டில் கோடு செங்குத்தாக இறங்கும். சுண்ணாம்பும் வாயுவும் கரைந்து சந்திக்க மெல்லிய நீர்ப்படலம் தேவை, உலர்ந்த தூளில் அது இல்லை. மூன்றாவது தட்டிலும் வேகம் குறையும். நீரில் கரியமில வாயு ஊடுருவுவது காற்றில் ஊடுருவுவதைவிடச் சுமார் 8000 மடங்கு மெதுவு. வெற்றிலைக் கடைக்காரர் டப்பாவில் விட்டு வைக்கும் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த மூன்றாவது கோட்டின் சரிவில் எண்ணாகவே படிக்கலாம்.